யார் கையும் படாத தொட்டிகள்

மெர்ல் ஹாக்ஸ்டாட் வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பிழைத்தவர். "தண்ணி மேலேர்ந்து வந்துச்சா, கீழேர்ந்து வந்துச்சா?"

கூரை ஒழுகியோ குழாய் வெடித்தோ மேலிருந்து வந்தால் அவர் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனம் நஷ்டஈடு கொடுக்கும். ஏரி பொங்கியோ நிலம் ஊறியோ கீழிருந்து வந்தால் கொடுக்காது. மினசோட்டாவில் டுலூத் நகரத்து வீடுகளில் பாதியின் நிலவறைக்குள் அவர் கைவிளக்கோடு இறங்கியிருக்கிறார். முழங்கால் தண்ணீரில், நனைந்த ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளுக்குப் பக்கத்தில் குனிந்து, சுவரைத் தடவி, விரலை மோந்து பார்த்து, "கீழேர்ந்துதாங்க வந்திருக்கு" என்று வருத்தத்தோடு சொல்வார். அந்த வருத்தம் பொய்யில்லை. அதற்காகத் தண்ணீர் வந்த திசையை மாற்றிவிட முடியுமா?

இதன் பலன் ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. மளிகைக் கடையில் அவருடைய தள்ளுவண்டி ஒரு வரிசைக்குள் நுழைந்தால் அங்கே நின்ற வண்டிகள் அடுத்த வரிசைக்கு நழுவின. மினசோட்டாக்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே திட்டமாட்டார்கள். தேவாலயத்தில் கை குலுக்குவார்கள், காபி ஊற்றித் தருவார்கள். ஆனால் மெர்ல் உட்கார்ந்த மேசையில் மட்டும் எல்லாருக்கும் அந்த நொடியே வீட்டில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். பெரிய காபிப் பாத்திரமும் அவரும்தான் மிச்சம் இருப்பார்கள்.

அதனால் அவர் அரிசோனாவுக்கு வந்தார். மேலிருந்தும் வராது, கீழிருந்தும் வராது. தண்ணீரே இல்லாத ஊர். டூசான் நகரத்தின் ஓரத்தில், ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கென்று கட்டிய அந்தக் குடியிருப்பின் பெயர் 'சகுவாரோ நிழல்.' சகுவாரோ என்பது தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும் கள்ளி. அதன் நிழலில் ஒரு பல்லி ஒதுங்கலாம், அதுவும் தனியாக வந்தால். ஆனால் அங்கே காலையில் நடக்கப் போனால் முன்பின் தெரியாதவர்கள், "குட் மார்னிங் மெர்ல், வெயில் வந்துருச்சு பாத்தீங்களா" என்றார்கள். வெயில் எங்கே போயிருந்தது வருவதற்கு என்று அவர் கேட்டதில்லை. யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதே போதுமாக இருந்தது.

மனைவி ஆர்டிஸுக்கு அது போதுமாக இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையை நடத்திப் பழகிய கை அது. சும்மா இருக்கத் தெரியாது. முன்வாசல் தாழ்வாரத்தில் பதினோரு தொட்டி வைத்தார். காகிதப்பூ, எலுமிச்சை, மிளகாய், புதினா, இன்னும் என்னென்னவோ. நடுநாயகமாக, மினசோட்டாவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த சிவப்பு ஜெரேனியம் பூச்செடி. காலையில் ஒரு தடவை தண்ணீர், சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் செடிகளோடு பேச்சு. பேச்சில் பாதி மெர்லைப் பற்றி.

பக்கத்து வீட்டில் இருந்த அம்மாள் சொக்கோரோ புஸ்தமாந்தே. எல்லையோரத்து நொகாலெஸ் ஊர்க்காரர். நீதிமன்றத்தில் ஸ்பானிஷ் பேசும் சாட்சிகளுக்கு மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவர். சொக்கோரோ என்றாலே அவர்கள் மொழியில் உதவி என்றுதான் பொருள். மார்ச் மாதம் மெர்லும் ஆர்டிஸும் இரண்டு நாள் கிராண்ட் கேன்யன் போய்வரக் கிளம்பியபோது, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்த உதவி தானாகவே வந்தது.

"வெசீனோ," என்று கூப்பிட்டார் சொக்கோரோ. பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார். "ஊருக்குப் போறீங்களாமே. தொட்டிக்கெல்லாம் நான் தண்ணி விட்டுரட்டா?"

"ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்."

"சரி" என்று சொக்கோரோ உள்ளே போய்விட்டார்.

மெர்ல் பெட்டியைக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றார். மினசோட்டாவில் யாராவது எதையாவது கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, "உங்களுக்கு எதுக்கு" என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை, "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கேக் துண்டைத் தட்டில் வாங்குவதற்குள் காபி ஆறிவிடும். ஆனால் மானம் போகாது. இந்த அம்மாள் ஒரே தடவை கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகிறாரே, இதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

சொக்கோரோவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சாட்சி 'இல்லை' என்றால் 'இல்லை' என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். உள்ளே 'ஆமாம்' ஒளிந்திருக்கலாம் என்று ஊகித்துச் சொன்னால் வேலை போய்விடும்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது புதினா, டீத்தூள் பொட்டலத்தைக் கொட்டி வைத்தது மாதிரி இருந்தது. மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப்போட்டிருந்தது. ஆர்டிஸ் காரிலிருந்து இறங்கி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிகளைப் பார்த்தார்.

"ரெண்டு நாள், மெர்ல். ரெண்டே நாள் முகத்தத் திருப்புனோம்."

"புதினாதானே. வேற வாங்கிக்கலாம்."

"நான் புதினாவப் பத்திப் பேசல. ஊரப் பத்திப் பேசறேன். நம்மூர்ல மூணு மாசம் பூட்டிட்டுப் போனாலும் வந்து பாத்தா புல்லு இடுப்பு ஒயரத்துக்கு நிக்கும். இங்க சொம்பும் கையுமா காவலுக்கு நிக்கணும். கொஞ்சம் அசந்தா சாகிற ஊர்ல எனக்கு இருக்க முடியாது. வித்துட்டுப் போயிரலாம்."

மெர்லின் கண்முன் அந்தக் காபிப் பாத்திரம் வந்து நின்றது. "தானாவே தண்ணி ஊத்திக்கிற மாதிரி பண்ணிட்டா?"

"யாரு ஊத்துவா?"

"சூரியன்தான். வேற யாரு இருக்கா இந்த ஊர்ல?"

அன்று சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தம் போட்டார்கள். கோடை முழுக்க இருவரும் மினசோட்டாவில் ஆர்டிஸின் அக்கா பிலிஸின் ஏரிக்கரை வீட்டில் இருப்பது. அக்டோபரில் திரும்பும்போது தொட்டிகள் உயிரோடு இருந்தால் இந்த வீடு இருக்கும். செத்திருந்தால் வீடு விற்பனைக்கு. ஆர்டிஸ் அவ்வளவுதான் கேட்டார். மெர்லுக்குத்தான் தொழில்புத்தி சும்மா விடவில்லை. விலக்கு விதி இல்லாத ஒப்பந்தம் அவருக்கு உப்பில்லாத சாப்பாடு.

"ஒண்ணு சேத்துக்க. நாம போனதுலேர்ந்து யாரு கையும் படக்கூடாது. பட்டா நான் தோத்ததா வெச்சுக்க. பின்னால யாரும் வந்து ஊத்திட்டாங்கன்னு நீ சொல்லக்கூடாது பாரு."

"நான் சொல்லமாட்டேன்."

"இல்ல, இருக்கட்டும். வாய்ப்பேச்சுன்னாலும் தெளிவா இருக்கணும்."

தன் காலுக்கு அளவெடுத்துத் தானே பொறி செய்துகொண்டதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

வாரக் கடைசியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சூரியத் தகடு, சோப்புப்பெட்டி மாதிரி ஒரு மோட்டார், கறுப்புக் குழாய்ச் சுருள், ஒவ்வொரு தொட்டியிலும் குத்திவைக்கச் சொட்டு முளைகள், எதற்கென்று தெரியாத ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் அடைப்பான். பகலில் தகடு வெயிலைக் குடிக்கும்; சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மோட்டார் விழித்து, கீழே இருக்கும் பீப்பாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குழாய்க்குள் அனுப்பும். பீப்பாய்க்குத் தெருக் குழாயிலிருந்து இணைப்பு. மட்டம் குறைந்தால் மிதவை திறந்து தானே நிரம்பிக்கொள்ளும். கூடவே ஒரு குறிப்புத்தாள், மூக்குக் கண்ணாடிக்கும் எட்டாத பொடி எழுத்தில். மற்றவர்கள் பொடி எழுத்தைப் படிக்கவில்லை என்று சொல்லியே காலம் தள்ளியவர் மெர்ல். அந்தத் தாளை மடித்து இழுப்பறையில் போட்டார்.

எல்லாவற்றையும் பொருத்தி முடித்த மறுநாள் குடியிருப்போர் சங்கத்துத் தலைவர், குட்டி மின்வண்டியில் வந்து இறங்கினார்.

"மெர்ல், தெருவிலேர்ந்து கண்ணுக்குத் தெரியற எல்லாமே பாலைவன நிறத்துல இருக்கணும். விதி. அந்தத் தகடு கறுப்பா இருக்கு."

"பாலைவன நிறம்னா?"

"மணல், செங்காவி, பாலில்லாத காபி. இந்த மூணுதான்."

"தகட்டு மேல பெயின்ட் அடிச்சா வெயில் உள்ள போகாதே."

தலைவர் தகட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விதிக்கும் சூரியனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும். கடைசியில் தகட்டைச் சுற்றியிருந்த சட்டத்துக்கு மட்டும் காவி அடிப்பது, தகட்டைப் பார்ப்பவர்கள் அதைக் காபி என்று நினைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

மே மாதத்தில் கிளம்ப இருந்தார்கள். ஆனால் காடை ஒன்று ஜெரேனியம் தொட்டிக்குள் மண்ணைக் கிளறி முட்டை இட்டுவிட்டது. அந்த ஊரில் தொட்டியில் காடை முட்டை இட்டால் வீட்டுக்காரர்கள் முன்கதவைத் திறப்பதில்லை. தபால்காரர் தெருவிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். எதிர்வீட்டார் நாயைச் சுற்றுவழியில் கூட்டிப் போவார்கள். ஆர்டிஸின் விமான டிக்கெட் தேதி மாறாது. அவர் கிளம்பிவிட்டார்; குஞ்சு பொரிக்கும்வரை மெர்ல் இருந்து, கார் நிறுத்தும் கொட்டகை வழியாகவே போய்வந்துகொண்டிருந்தார். முட்டைமேல் சொட்டாமல் முளையைத் தொட்டியின் ஓரத்துக்கு நகர்த்திவைத்தார். ஒருநாள் காலை குஞ்சுகள் ஒவ்வொன்றாக விளிம்பில் ஏறி, கீழே விழுந்து, பந்து மாதிரி எழுந்து தாயின் பின்னால் ஓடின. பிறந்த அன்றே வீட்டை விட்டுப் போகும் அந்த ஜாதியைப் பார்த்து மெர்லுக்குப் பொறாமையாக இருந்தது. மறுநாள் அவரும் கிளம்பினார்.

பிலிஸின் ஏரிக்கரை வீட்டில் எல்லாம் பச்சை. தண்ணீர் ஊற்றாமலே கூரைமேல்கூடப் பாசி வளர்ந்தது. பெரும்பாலும் மழை பெய்தது. பெய்யாத நேரத்தில் கொசு. பிலிஸ் நல்ல மனுஷி. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொரு டப்பாவிலும் யாருடையது என்று ஒட்டிவைத்திருப்பார். கரண்டி இடம் மாறினால் அன்று முழுக்க அதே பேச்சு. ஆர்டிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆயிரம் துண்டுப் படம் அடுக்கிக்கொண்டிருந்தார். மெர்ல் கைப்பேசியில் டூசானின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் பொறுத்தார். பிறகு சொக்கோரோவுக்குப் போன் செய்தார்.

"சும்மாதான் கூப்பிட்டேன். அங்க வெயில் அதிகம்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா, அதிகம்."

"ஓ."

"ம்."

"ஒங்க வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம்... எல்லாம் எப்படி?"

"சுவருக்கு அந்தப் பக்கம் உங்க வீடு இருக்கு."

"ஆமா ஆமா. அது தெரியும்."

"வேற ஏதாவது கேக்கணுமா வெசீனோ?"

"இல்லீங்க, ஒண்ணுமில்ல."

"சரி." வைத்துவிட்டார்.

செடி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வாக்கியம் கேட்டிருக்கலாம். கேட்டால், கேட்டு வாங்கிய மாதிரி ஆகிவிடும். அதைவிடச் சாவது மேல் என்று நினைக்கும் ஜனங்கள் பிறந்த ஊரில் பிறந்தவர் அவர். டூசானுக்குப் போன் போட்டும் கேட்க வேண்டியதைக் கேட்காமல், திரும்பவும் கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்க்க உட்கார்ந்தார். அடுத்த வாரம் இன்னொரு தடவை கூப்பிட்டு மேகத்தைப் பற்றிப் பேசினார். ஜூலையில் அங்கே மழைக்காலம். மேகம் மூடினால் தகட்டுக்கு வெயில் ஏது, மோட்டாருக்கு உயிர் ஏது என்று கணக்குப் போட்டார். சொக்கோரோ, "மேகம் வருது, போகுது" என்றார். முழுச் சாட்சியமும் அவ்வளவுதான்.

ஒருநாள் காலை மெர்ல், கனடா எல்லைப் பக்கம் இருக்கும் தம்பியோடு இரண்டு நாள் மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நேராக விமான நிலையத்துக்குப் போனார்.

டூசானில் இறங்கி, வாடகைக் காரில் வீட்டு வாசலுக்கு வந்தபோது வெயில் அடித்து வெளுத்துக்கொண்டிருந்தது. பயந்துகொண்டே தாழ்வாரத்தைப் பார்த்தார்.

பதினோரு தொட்டியும் ஜோராக இருந்தன. எலுமிச்சை பிஞ்சு விட்டிருந்தது. காகிதப்பூ தூணைச் சுற்றிக்கொண்டிருந்தது. புதிதாக வைத்த புதினா தொட்டிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோப்புப்பெட்டி லேசாக முனகியது. ஒவ்வொரு முளையிலும் ஒரு துளி திரண்டு, கொஞ்சம் யோசித்து, விழுந்தது.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்துச் சங்கடமாக இருந்தது. தனக்காக ஒரு இலைகூட வாடவில்லை. இவ்வளவு தூரம் பொய் சொல்லி வந்தவனைப் பார்த்து, நீ யார் என்று கேட்பது மாதிரி நிற்கின்றன.

"வெசீனோ!" சுவருக்கு அந்தப் பக்கம் சொக்கோரோவின் வைக்கோல் தொப்பி தெரிந்தது. "போன்ல பேசறதப் பாத்து, யாரோ செத்துட்டாங்க, சொல்ல முடியாம தவிக்கறீங்கன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்கீங்க. எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்ப போலாமே."

போயிருக்கலாம். அன்று சாயங்காலமே ஒரு விமானம் இருந்தது. ஆனால் கடைசியில் இருந்த ரோஸ்மேரித் தொட்டியில் துளி கொஞ்சம் தாமதமாகத் திரள்வது மாதிரி மெர்லுக்குப் பட்டது. சும்மா கிடந்த சங்கு கண்ணில் பட்டுவிட்டால் ஊதாமல் போக யாருக்கு மனசு வரும்? தண்ணீர் ஏன் கீழிருந்து மேலே ஏற வேண்டும் என்று அவர் யோசித்தார். கீழிருந்து வருகிற தண்ணீரை அவர் என்றுமே மதித்ததில்லை. மேலிருந்து இறங்கினால் மோட்டாருக்குப் பாரம் குறையும், கடைசித் தொட்டிவரை ஓடும். எவ்வளவு எளிய விஷயம், இதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லையே.

பீப்பாயைக் காலிசெய்து, கொட்டகையில் இருந்த உயரமான மேசைமேல் தூக்கிவைத்தார். மிதவையைப் பொருத்தி, தெருக் குழாயைத் திறந்து நிரப்பினார். அந்த வெள்ளை அடைப்பான் குழாயின் நடுவில் வழியை மறித்துக்கொண்டு நின்றது. எதற்கென்று புரியாததால் பிடுங்கினார். பிடுங்கியதில் இரண்டாக உடைந்தது. குழாய்களை நேராகச் சேர்த்தார். துளிகள் துள்ளி விழுந்தன. திருப்தியாக உள்ளே போய், குளிர்காற்றில் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

இழுப்பறையில் மடித்து வைத்திருந்த தாளில், பீப்பாய் எப்போதும் தொட்டிகளைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையேல் மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கத்தான் வெள்ளை அடைப்பான் என்று எழுதியிருந்தது.

கதவைத் தட்டும் சத்தத்தில் விழித்தார். சொக்கோரோ நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு களிமண் ஒட்டகம், அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்து பாருங்க."

பீப்பாய் இறங்க இறங்க மிதவை திறந்து, தெருக் குழாய் அதை நிரப்பிக்கொண்டே இருந்தது. தொட்டிகள் வழிந்து, தாழ்வாரம் வழிந்து, சுவரின் அடியில் இருந்த வடிகால் ஓட்டை வழியாகப் பள்ளத்தில் இருந்த சொக்கோரோவின் கொட்டகைக்குள் தண்ணீர் போயிருந்தது. அங்கே தரையில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை அட்டைப்பெட்டிகளில் வைத்திருந்தார். அட்டை ஊறி விரிந்து, மேய்ப்பர்களும் ஆடுகளும் மூன்று ராஜாக்களும் குளத்தில் நின்றார்கள்.

மெர்ல் குனிந்தார். அவருக்கே தெரியாமல் கை சுவரைத் தடவியது.

"கீழேர்ந்துதாங்க வந்திருக்கு" என்றார்.

"உங்க வீட்லேர்ந்து வந்திருக்கு."

இந்தப் பதிலை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அப்போதெல்லாம் பழி சொல்ல ஓர் ஆள் இருந்ததில்லை, ஏரிதான் இருந்தது. அவர் காலணியைக் கழற்றினார். சாயங்காலம்வரை இருவரும் பெட்டிகளைத் தூக்கி வெளியே வைத்தார்கள். சொக்கோரோ திட்டவில்லை. "அந்த ஆட்டக் காதப் புடிச்சுத் தூக்காதீங்க, ஒடஞ்சிரும்", "ராஜாவத் தலைகீழா வெக்காதீங்க" என்று வேலை மட்டும் வாங்கினார். மெர்ல் யோசேப்பின் தாடியைத் துண்டால் ஒற்றி எடுத்தார்.

மோட்டார் தாழ்வாரத்து வெள்ளத்தில் மூழ்கிச் செத்திருந்தது. புது மோட்டாரும் அடைப்பானும் தபாலில் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. மறுநாள் அவர் மினசோட்டாவில் மீனோடு வந்து நிற்க வேண்டும். யார் கையும் படக்கூடாது என்று விதி. கை படாவிட்டால் தொட்டிகள் சாகும், வீடு போகும்; பட்டாலும் வீடு போகும். கடைசியில், செடிகளின் உயிராவது மிஞ்சட்டும் என்று நினைத்தார். சொக்கோரோ வாசலில் உட்கார்ந்து ஒட்டகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"நான் நாளைக்குப் போயாகணும்" என்று ஆரம்பித்தார் மெர்ல்.

"சரி."

"தொட்டிங்க இருக்கு."

"இருக்கு."

"வெயில் வேற."

"ஆமா."

மெர்ல் காத்திருந்தார். சொக்கோரோ விசிறியைக் கீழே வைத்தார்.

"வெசீனோ, யாரும் சொல்லாத வாக்கியத்த நான் மொழிபெயர்க்கறதில்ல. சொன்னாத்தான்."

மெர்ல் ஒரே மூச்சில் கேட்டார். "ரெண்டு வாரம் தொட்டிக்குத் தண்ணி ஊத்துவீங்களா?"

"முடியாது" என்றார் சொக்கோரோ. "வியாழக்கிழமை நொகாலெஸ் போறேன். எங்க அக்காவுக்குக் கண்ணுல ஆபரேஷன். திரும்ப ஒரு மாசம் ஆகும்."

மெர்ல் தலையாட்டினார். ஆச்சரியம் என்னவென்றால் ஒன்றும் ஆகவில்லை. கேட்டார், இல்லை என்று வந்தது, வானம் இருந்த இடத்தில் இருந்தது. மார்ச் மாதத்திலிருந்து இந்த அம்மாள்மேல் சுமந்துகொண்டிருந்த கோபம் எந்த நிமிஷத்தில் இறங்கியது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "அக்காவுக்கு நல்லபடியா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், ஆர்டிஸுக்குப் போன் போட்டார்.

"மீன் கெடச்சுதா?" என்றார் ஆர்டிஸ்.

"ஆர்டிஸ், நான் டூசான்ல இருக்கேன்."

"தெரியும். தூண்டில் இங்க சுவர்ல தொங்குது."

மெர்ல் எல்லாவற்றையும் சொன்னார். மேசை, பீப்பாய், அடைப்பான், ஒட்டகம். "கை பட்டுருச்சு. அதுவும் என் கையே. விதிப்படி நான் தோத்துட்டேன். வீட்ட வித்துருவோம்."

அந்தப் பக்கத்து மழைச் சத்தத்துக்கு மேல் ஆர்டிஸின் குரல் வந்தது.

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சுன்ன?"

"ஆமா."

"ஒரு செடிகூடச் சாகல?"

"ஒண்ணுகூட. புதினா பிச்சுக்கிட்டு வளந்திருந்துச்சு."

"அப்புறம் அத ஏன்யா போய்த் தொட்ட?"

வழக்கில் தோற்றவர்கள் குரல் மெர்லுக்குப் பழக்கம். ஆயிரம் நிலவறைகளில் கேட்டிருக்கிறார். ஜெயித்த ஆர்டிஸிடமிருந்து அந்தக் குரல் ஏன் வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"நீதானே விக்கணும்ன?"

"சொன்னேன். யாரு இல்லன்னா?"

அப்போது பின்னாலிருந்து பிலிஸின் குரல் கேட்டது. "ஆர்டிஸ், சூப் கரண்டிய டீக்கரண்டி டிராயர்ல போட்டது யாரு?"

ஆர்டிஸ் போனுக்குள் மூச்சு விட்டார். நீண்ட மூச்சு. மெர்லுக்கு இப்போது விளங்கியது.

"நீ இங்க வந்துரேன்" என்றார்.

"எதுக்கு? இந்த வெயில்ல வந்து என்ன பண்ண? அதெல்லாம் வேண்டாம்."

சொக்கோரோவாக இருந்தால் 'சரி' என்று வைத்துவிடுவார். மெர்லும் அன்று சாயங்காலத்திலிருந்து அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். ஆனால் பேசுவது ஆர்டிஸ். இது வேறு மொழி.

"வா ஆர்டிஸ்."

"உனக்கு எதுக்கு வீண் சிரமம். ஏர்போர்ட்டுக்கு வரணும், வீடு சுத்தம் பண்ணணும்."

"நான் ஏர்போர்ட்டுல நிக்கறேன். வா."

"நீ இவ்வளவு சொல்றதால" என்றார் ஆர்டிஸ். "பெட்டி கட்டித்தான் வெச்சிருக்கேன். மூணு வாரமாச்சு."

"ஒப்பந்தம்?"

"விதி போட்டவன் நீ. அத எங்க போட்டியோ அங்கேர்ந்தே எடுத்துரு."

வெள்ளத்தில் ஊறிய ரோஸ்மேரி மட்டும் அழுகிப்போனது. மற்ற பத்துக்கும் ஆர்டிஸ் வந்து காலையும் மாலையும் பழையபடி தண்ணீர் ஊற்றி, பழையபடி மெர்லைப் பற்றி அவற்றிடம் பேசினார். இந்தத் தடவை பேசுவதற்கு நிறைய இருந்தது. ஊரே காலியான ஆகஸ்ட் வெயிலில், நாய்கூடத் தெருவில் இறங்காத நாட்களில், கிழவனும் கிழவியும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து துணியைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புது மோட்டாரும் அடைப்பானும் தபாலில் வந்தன. மெர்ல் மூக்குக் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் சேர்த்துப் போட்டு, குறிப்புத்தாளை முதல் வரியிலிருந்து படித்து, பீப்பாயைத் தரையில் இறக்கினார். திருப்புளியை எடுத்தபோது உள்ளே போன் அடித்தது. ஆர்டிஸ் எடுத்தார். பிலிஸ்தான், வரும் கோடைக்கும் அறையைத் தயார் செய்துவைப்பதாகச் சொன்னார்.

"வரணும்னு எனக்கு ஆசையில்லையா பிலிஸ்?" என்றார் ஆர்டிஸ். "தொட்டிங்கள யாரு பாக்கறது? ரெண்டு நாள் முகத்தத் திருப்புனா செத்துரும். ... மெஷினா? அது ஒடஞ்சு போச்சு. ... ஆமா, சரி பண்ணவே முடியாதாம்."

பேசிக்கொண்டே ஜன்னலுக்கு வந்து, கண்ணாடியைத் தட்டி, திருப்புளியைக் கீழே வை என்று மெர்லுக்குக் கை காட்டினார்.